துப்பாக்கிக்கு முன்னால் பெல்ட்டை வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெக்சாஸில் கடை நடத்தும் தமிழர்கள் சிலர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வேலை பார்ப்பதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சட்டம் என்ன, பயிற்சி வகுப்பு எப்படி, எந்த ரகம் வாங்கலாம் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். அந்தத் துப்பாக்கியை நாள் முழுக்க உடம்போடு பிடித்து வைத்திருக்கும் பெல்ட்டுக்கும் உறைக்கும் மட்டும் ஒரே வரிதான் கிடைத்தது: மெல்லிய துணி உறை ஒன்று இருந்தால் போதும், அதுதான் வசதி என்று. அந்த வரி தவறு. ஆபத்தும்கூட.

வேலைக்காலம் முழுவதும் தோல் பதனிடும் தொழிலில் இருந்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஹூஸ்டன் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த ஒரு கடை நடத்துகிறார்கள். இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடை; இருவருமே துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நான் வைத்துக்கொள்வதில்லை. வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதை வைத்து இன்னொரு கடிதமே எழுதலாம். ஆனால் வைத்துக்கொள்வது என்று அவர்கள் முடிவு செய்தபின், அது எதில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு. கராஜில் மேசை போட்டுத் தோல் வெட்டித் தைப்பதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. தெரிந்தவர்கள் பெல்ட் கேட்டு வருவார்கள். வருகிற எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "இடுப்பு வலிக்குது."

எடை அதிகம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சின்ன துப்பாக்கியாகத் தேடுகிறார்கள். எடைதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளையுடையது கிளாக் 19. பதினைந்து தோட்டா நிரப்பினால் சுமார் 850 கிராம் வரும். இடுப்பைச் சுற்றிப் பரவினால் 850 கிராம் ஒரு பாரமே இல்லை. ஆனால் சாதாரண பெல்ட்டில் அது பரவாது. தொங்கும் இடத்தில் பெல்ட் முறுக்கிக்கொண்டு வெளிப்பக்கம் சாயும். கைப்பிடி உடம்பை விட்டு விலகிச் சட்டைக்கு மேல் புடைக்கும். புடைப்பது தெரியாமல் இருக்கப் பெல்ட்டை இன்னொரு துளை இறுக்குவார்கள். அந்த இறுக்கம்தான் இடுப்பெலும்பில் போய் வலியாகிறது. பெல்ட்டின் குறைக்குத் துப்பாக்கியின் மேல் பழி.

நல்ல பெல்ட் என்றால் கட்டைபோல் விறைப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பதும் சரியில்லை. இரண்டு திசை இருக்கிறது. இடுப்பைச் சுற்றி வளைவது ஒன்று; அது நன்றாக வளைய வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது முன்பக்கம் வயிற்றில் வெட்டும். அகலவாக்கில் மடிவது இன்னொன்று. அது மடியவே கூடாது. கடையில் நிற்கும்போதே பார்த்துவிடலாம். பெல்ட்டின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஓலை மடிவதுபோல் நடுவில் குழிந்து மடிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அழுத்திய விரல் வலித்தாலும் அது அசையவில்லை என்றால் வாங்கலாம்.

தோல் பெல்ட் என்றால் தோலின் எந்த இடம் என்பது முக்கியம். மாட்டின் முதுகுப் பகுதித் தோலில் நார் நெருக்கமாகப் பின்னியிருக்கும்; இழுத்தாலும் நீளாது. வயிற்றுப் பகுதியில் நார் தளர்ந்திருக்கும். வயிற்றுத் தோலில் வெட்டிய பெல்ட் சில மாதத்தில் நீண்டு, துப்பாக்கி தொங்கும் இடத்தில் அலை அலையாக வளைந்துவிடும். வாங்குகிறவர்களுக்கு முகப்பைப் பார்த்து இது தெரியாது. முகப்பில் எந்தத் தோலையும் எப்படியும் மினுக்கலாம், அதைத்தான் நாங்கள் காலமெல்லாம் செய்தோம். பக்கிள் முள் நுழையும் துளைக்குள் பாருங்கள். வெட்டுவாயில் இழை இழையாக நார் தெரிந்தால் தோல். தூளை அரைத்துப் பசை போட்டு ஒட்டியது போல் சீராக, இழையே இல்லாமல் இருந்தால் அது தோல் கழிவைச் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. அதற்கும் "ஜெனுயின் லெதர்" என்று முத்திரை குத்தி விற்கிறவர்கள் உண்டு. துளையைச் சுற்றித்தான் முதலில் கிழியும்.

இங்கே தோலின் தடிப்பை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். ஏழு அல்லது எட்டு அவுன்ஸ் தோலை இரண்டு அடுக்காக ஒட்டி ஓரம் தைத்தால் ஏறக்குறைய கால் அங்குலம் வரும். துப்பாக்கி தாங்கும் பெல்ட்டுக்கு அது போதும். அதற்கு மேல் போவது ஜம்பம். அகலம் ஒன்றரை அங்குலம். உறையைப் பெல்ட்டில் மாட்டும் கிளிப் பெரும்பாலும் அந்த அகலத்துக்கே செய்யப்படுகிறது. ஒன்றேகால் அங்குல பெல்ட்டில் ஒன்றரை அங்குல கிளிப்பை மாட்டினால் நடக்க நடக்க ஏறி இறங்கும், உரசும், மாலையில் இடுப்பில் சருமம் சிவந்திருக்கும்.

அளவு எடுப்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பேண்ட்டின் உள்பக்கம் உறை வைப்பவர்களுக்குப் பேண்ட் இடுப்பே ஒன்று, இரண்டு அங்குலம் பெரிதாக வேண்டும். பெல்ட்டைப் பேண்ட் அளவைச் சொல்லி வாங்கக் கூடாது. இப்போது போட்டிருக்கும் பெல்ட்டைக் கழற்றிப் பரப்பி, பக்கிளில் தோல் மடியும் இடத்திலிருந்து நீங்கள் வழக்கமாகப் போடும் துளைவரை அளக்க வேண்டும், அதுவும் உறையோடு போட்ட துளைவரை. துளைகள் சாதாரணமாக ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். காலையில் சரியாக இருப்பது, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் இறுக்கம். ஒரு துளை விட்டால் தொளதொள. நான் தைப்பவற்றில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை போடுகிறேன். ராட்செட் பக்கிள் என்று ஒன்று வருகிறது, பின்பக்கம் பல்வரிசை வைத்து, கால் அங்குலம் கால் அங்குலமாக இறுக்கலாம், தளர்த்தலாம். தோல்காரன் நான் சொல்லக் கூடாது, ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்து எழுந்து வேலை செய்பவர்களுக்கு உள்ளே பிளாஸ்டிக் பட்டை வைத்த நைலான் பெல்ட்டும் ராட்செட் பக்கிளும்தான் என் பெல்ட்டைவிட வசதி. மாப்பிள்ளை கடைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். என் பெல்ட் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். அங்கெல்லாம் துப்பாக்கி வீட்டில்.

இனி உறை. துணி உறை ஏன் கூடாது என்கிறேன் என்றால், உறையின் முதல் வேலை துப்பாக்கியைத் தாங்குவதே இல்லை. டிரிகரை மூடி வைப்பது. உறைக்குள் இருக்கும்போது வெளியிலிருந்து எதுவும், விரலோ சாவியோ சட்டை நுனியோ, டிரிகரைத் தொடக் கூடாது. மெல்லிய துணிக்கு மேலிருந்தே டிரிகரை அழுத்த முடியும். வீட்டில் தோட்டா எடுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்த துப்பாக்கியை உறைக்குள் விட்டு வெளியிலிருந்து அமுக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். எல்லா ரகத்துக்கும் பொருந்தும் என்று விற்கும் உறை எந்த ரகத்துக்கும் பொருந்துவதில்லை. உறை அந்தந்த மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும்.

உறையே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொள்பவர்களுக்கு ஒரே பெயர் சொன்னால் போதும்: பிளாக்சிகோ பரஸ். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர். 2008 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு இரவு விடுதியில், இடுப்பில் செருகியிருந்த கிளாக் நழுவிக் காலுக்குள் இறங்கியது. பிடிக்கப் போன கை டிரிகரில் பட்டுத் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்காக இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை. உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். ஒழுங்கான உறையும் பெல்ட்டும் சேர்த்து அன்றைக்கு அவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகியிருக்காது.

தோலா, கைடெக்ஸா என்று என்னிடம் கேட்பவர்கள் தோல் என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். கைடெக்ஸ் என்பது சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும் ஒரு வகைப் பிளாஸ்டிக் தகடு. துப்பாக்கியின் மேலேயே அழுத்தி வார்ப்பார்கள். உள்ளே போகும்போது டிரிகர் வளையத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். வேர்வையைக் குடிக்காது, துப்பாக்கி நுழையும் வாய் சுருங்காது. டெக்சாஸ் கோடையில் வெப்பம் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும்போது வேர்வை பெரிய விஷயம். குறை என்னவென்றால் ஓரம். மட்டமான வேலையில் ஓரத்தைத் தேய்க்காமல் விட்டிருப்பார்கள், விலாவில் கீறும். நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் ஓரம் வழவழப்பாகிவிடும்.

தோல் உறைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். அதை நனைத்துத் துப்பாக்கி வடிவில் அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். குரோமில் பதனிட்ட தோல் கைக்கு மெத்தென்று இருக்கும், கைப்பைக்கும் செருப்பு மேல்பாகத்துக்கும் அருமை, ஆனால் வடிவம் நிற்காது. அதனால் உறைக்கு ஆகாது. உறையில் நான் முதலில் பார்ப்பது வாயைத்தான். துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் திறந்தபடி நிற்கிறதா? இடுப்பின் அழுத்தத்தில் சுருங்கிக்கொண்டால், திரும்ப வைக்க இன்னொரு கையால் வாயைப் பிரிக்க வேண்டும், அப்போது குழல் அந்தக் கையைப் பார்க்கும். வாயோரம் இன்னொரு அடுக்குத் தோலோ உள்ளே மெல்லிய தகடோ வைத்துத் தைத்ததுதான் நல்ல உறை.

தோல் உறைக்கு வயதும் உண்டு. வேர்வையும் உப்பும் ஏறி ஏறி நாரைத் தளர்த்தும். பழைய உறையில் டிரிகர் பக்கம் தோல் மடிந்து உள்பக்கம் துருத்திக்கொண்டு வரும். துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது அந்த மடிப்பே விரலின் வேலையைச் செய்துவிடும். "மாமா, இப்பதான் பழகி மெத்துன்னு ஆயிருக்கு" என்று மாப்பிள்ளை ஒரு பழைய உறையைத் தூக்கிப் போட மறுத்தார். செருப்பு பழகினால் நல்லது, உறை பழகினால் கழித்துவிட வேண்டும் என்று நானே எடுத்து வெட்டிப் போட்டேன். இன்னொன்று: துப்பாக்கியைத் தோல் உறையிலேயே வைத்துப் பெட்டகத்தில் மாதக்கணக்கில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பில் துரு ஏறும், தோட்டாவின் பித்தளையில் பச்சை பூக்கும்.

எங்கே வைப்பது என்பதை இங்கே கடிகார மணியில் சொல்கிறார்கள். தொப்புள் பன்னிரண்டு மணி, வலது இடுப்பு மூன்று மணி, முதுகுத்தண்டு ஆறு. ஆறு மணி வேண்டவே வேண்டாம்; வழுக்கி மல்லாந்து விழுந்தால் இரும்பு நேராக முதுகெலும்பில் இடிக்கும். பலருக்கு வசதி மூன்றரை, நாலு மணி: இடுப்பெலும்பு முனைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பள்ளம். உறை சுமார் பதினைந்து டிகிரி முன்சாய்வாக இருந்தால் குனியும்போது கைப்பிடி சட்டையைத் தூக்காது. ஆனால் காரில் உட்கார்ந்தால் கதை மாறும். இங்கே ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார், சீட் பெல்ட்டின் பூட்டு வலது இடுப்பில். துப்பாக்கியும் பூட்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். நாளில் பாதியைக் காரில் கழிப்பவர்கள் அதனாலேயே ஒரு மணிக்கு, அதாவது முன்வயிற்றுக்கு மாறுகிறார்கள்.

முன்வயிற்றில் வைப்பதைப் பற்றி எனக்குப் பயம்தான், மறைக்கவில்லை. குழல் தொடையின் பெரிய இரத்தக்குழாயையும் மற்றதையும் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் வைப்பேன் என்றால், உறைக்குள் திருப்பி வைக்கும்போது சட்டையை முழுக்கத் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். வேகமாக உருவுவதற்கு ஒரு காரணம் இருக்கலாம். வேகமாகத் திரும்ப வைக்க ஒரு காரணமும் கிடையாது. இங்கே வசதி பற்றி ஒரு விநோதம்: குட்டை உறையைவிட நீள உறைதான் குத்தாது. குட்டை உறையில் பெல்ட்டுக்கு மேலேதான் எடை அதிகம், கைப்பிடி முன்னால் கவிழும், குழல் முனை அடிவயிற்றில் குத்தும். நீள உறை பெல்ட்டுக்குக் கீழே இறங்கி உடம்போடு ஒட்டி நிற்கும். உறையின் அடிப்பக்கம் ஒரு சின்ன நுரைத் துண்டு ஒட்டினால் மேல்முனை உடம்பை நோக்கிச் சாயும். பக்கவாட்டில் பெல்ட்டை உந்தும் ஒரு சிறகு இருக்கும், "கிளா" என்பார்கள், அது கைப்பிடியை உள்ளே தள்ளும். துப்பாக்கியை மாற்றுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

கட்டுரையில் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளையின் உறை ஒத்துவரவே இல்லை. பெண்களின் இடுப்பு கீழே விரிவதால் உறையின் அடி வெளியே தள்ளப்பட்டு, கைப்பிடி உள்ளே திரும்பி விலாவில் இடிக்கும். இடுப்புக்கும் விலாவுக்கும் இடைவெளியும் குறைவு. போதாததற்குப் பெண்கள் பேண்ட்டில் பெல்ட் லூப் சின்னது, ஒன்றரை அங்குலம் நுழையாது. கடைசியில் அவளுக்குச் சரிவந்தது வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டி. ஆனால் அதன் வெறும் துணிப்பையில் இல்லை, டிரிகரை முழுக்க மூடும் கெட்டியான கைடெக்ஸ் கூடு வைத்துத் தைத்த பட்டி. துப்பாக்கியும் சிக் பி365 என்று சின்னது, நிரப்பாமல் அரைக் கிலோ. கைப்பையில் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போவோம், பேரன் மிட்டாய் தேடிக் கையை விடுவான். பை வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் எழுதியிருந்ததோடு இரண்டு சேர்க்கிறேன். டெக்சாஸில் 2016 ஜனவரி முதல் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைக்கலாம் என்று வந்தபோது, தோள் அல்லது இடுப்பு உறையில் என்று சட்டமே சொன்னது. 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தடையில்லாத 21 வயது நிரம்பியவர்களுக்கு உரிமமே தேவையில்லை என்றானபோதும், வெளியே தெரிந்தால் உறையில் இருக்க வேண்டும் என்பது நின்றது. இரண்டாவது, உங்கள் வாசகர்களில் பலருக்கு வேண்டியது: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. மாநிலச் சட்டம் தளர்ந்ததைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

துப்பாக்கியோடு வரக் கூடாது என்று பலகை வைத்த கடைகள், அலுவலகங்கள் இங்கே நிறைய. அங்கே போகும்போது துப்பாக்கியை மட்டும் உருவிக் காரின் டாஷ்போர்டு பெட்டியில் போடுகிறார்கள். உருவுவதும் வைப்பதும்தான் ஆபத்தான நேரம். கிளிப் வைத்த உறை என்றால் உறையோடு சேர்த்துக் கழற்றி, காரில் கம்பிவடத்தால் பிணைத்த பூட்டுப் பெட்டியில் வைத்துவிடலாம். டிரிகர் மூடியே இருக்கும். ஆனால் அந்தக் கிளிப் பெல்ட்டின் அடி ஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். வழுக்கும் கிளிப் என்றால், உருவும்போது உறையும் கூடவே வந்துவிடும்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் கழிப்பறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. பெல்ட்டைக் கழற்றியதும் எடை ஒரு பக்கம் இழுக்கும். துப்பாக்கியை எடுத்துக் காகிதம் வைக்கும் தட்டிலோ தொட்டி மேலோ வைப்பவர்கள் மறந்துவிட்டு வெளியே வருகிறார்கள். உறையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். பேண்ட் முழங்காலில் இருக்கும்போதே பெல்ட்டைத் திரும்பப் பூட்டிக்கொண்டால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

வாங்கியதும் அப்படியே வெளியே போய்விடாமல், காலித் துப்பாக்கியோடு வீட்டிலேயே சில நாள் போட்டுப் பாருங்கள். தரையில் உட்காருங்கள், ஷூ நாடா கட்டுங்கள், மேல் அலமாரியில் கை நீட்டுங்கள், நிறுத்தியிருக்கும் காரில் சீட் பெல்ட் போட்டு உட்காருங்கள். உறையை மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் துப்பாக்கி விழக் கூடாது. உறைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு பனியன் இருந்தால் பாதி உரசல் போய்விடும். இவ்வளவும் செய்தபிறகும் குத்தினால், உறையின் உயரத்தைத் திருகாணியில் ஒரு துளை ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பெரும்பாலும் அரை அங்குலத்தில் தீர்கிற பிரச்சினைதான்.

வசதி என்பதைச் சொகுசு என்று நான் சொல்லவில்லை. குத்துகிற உறையை ஆட்கள் கடையில் நாலு பேர் முன்னால் இழுத்து இழுத்துச் சரிசெய்கிறார்கள். அல்லது கழற்றிக் கல்லாவுக்கு அடியில் வைக்கிறார்கள். அதற்கும் சோம்பல் என்றால் கார் சீட்டுக்கு அடியில். திருடனுக்கோ குழந்தைக்கோ அங்கிருந்துதான் கிடைக்கிறது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, துப்பாக்கியின் விலைக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பெல்ட்டின் விலையையும் அந்த மாடலுக்கென்றே செய்த உறையின் விலையையும் போடும்படி உங்கள் நிருபரைக் கேட்டுக்கொள்கிறேன். துணி உறை பற்றிய வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தோல் தொழிலில் ஓய்வு பெற்ற வாசகர்,
ஹூஸ்டன்